'பத்துக்குப் பத்து' என்கிறார் நோயாளி: பல்வலியின் கடுமையை எப்படி மதிப்பிடுவது?

பல் மருத்துவ அவசரப் பிரிவில் அண்மையில் பணிக்குச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவரின் கேள்வி இது: “வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னால், வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து என்றே சொல்கிறார்கள். எல்லோருக்கும் பத்து என்றால் அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்வது? யாரை முதலில் நாற்காலியில் உட்கார வைப்பது?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. இந்த மனிதர் எவ்வளவு துன்பப்படுகிறார் என்பது ஒன்று. எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பது மற்றொன்று. வலி அளவுகோல்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். இரண்டாவதற்கும் அவற்றிடமே விடை தேடுவதால்தான் அவசரப் பிரிவில் முந்தவேண்டியவர் பிந்திப் போகிறார்.

பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாள்களில், குழியில் உறைந்திருக்க வேண்டிய இரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு திறந்து கிடக்கும் நிலையை உலர் குழி என்கிறோம். காது வரை பரவித் தூக்கத்தைப் பறிக்கும் அந்த வலியை அனுபவித்தவர்கள் பத்து என்று சொல்வதில் மிகையே இல்லை. ஆனாலும் அதனால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றே கடுமை தணியத் தொடங்கும். விளையாடும்போது விழுந்து, நிலைத்த முன்பல் வேரோடு கழன்று வந்த ஒரு சிறுமியோ தன் வலியை மூன்று அல்லது நான்கு என்பாள். ஆனால் அந்தப் பல் வெளியே காய்ந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் மடிந்துகொண்டிருக்கின்றன. உலர்ந்தபடி ஒரு மணி நேரம் கழிந்துவிட்டால் அவை பிழைப்பது அரிது. இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் சிறுமியைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும். பத்து என்றவருக்கு உரிய மறுமொழி, அவரை வரிசையில் முன்னே தள்ளுவதன்று. காத்திருக்கும் இடத்திலேயே அவருக்கு வலிநிவாரணி கொடுத்து, எப்போது பார்ப்போம் என்று சொல்லிவிடுவது.

வலியும் ஆபத்தும் எதிரெதிர்த் திசையில் நகரக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் கடினமான சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சொத்தையின் கிருமிகளால் அது அழற்சி அடையும்போது வீங்க இடமில்லாததால் உள்ளழுத்தம் ஏறி வலி உச்சத்துக்குப் போகிறது. பிறகு பற்கூழ் இறந்துவிட்டால் வலி சில நாள்களுக்கு அடங்கிவிடுவதும் உண்டு. நோயாளி பல் தேறிவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் கிருமிகள் அப்போது வேர்நுனியைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. வேர்நுனியில் சேரும் சீழ் எலும்புக்குள் அடைபட்டிருக்கும் வரை வலி மீண்டும் தாங்க முடியாததாகிறது. அது எலும்பைத் துளைத்து, எலும்புறையைக் கிழித்துக்கொண்டு தசைகளுக்கு இடையேயுள்ள இடைவெளிகளுக்குள் புகுந்ததும் அழுத்தம் தணிந்து வலி குறைகிறது, முகம் வீங்குகிறது. நோயாளி சற்று நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் தொற்று கழுத்தை நோக்கி வழி தேடத் தொடங்குகிறது.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒருவரிடம் இதைத் தவறவிட்டேன். முந்தைய இரவெல்லாம் துடித்ததாகச் சொன்னவர், காலையில் வலி பாதிக்குமேல் குறைந்து நான்காகிவிட்டது என்றார். நானும் அந்த எண்ணை நம்பி அவரைப் பின்வரிசையில் வைத்தேன். அவருடைய முறை வந்தபோது வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்குவதற்கே முகத்தைச் சுளித்தார். உடனடியாக மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் “வலி குறைந்துவிட்டது” என்ற சொல்லைக் கேட்டால், அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதற்கு முன் கன்னத்தையும் தாடையின் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே எண்ணைக் கேட்பதற்கு முன்பே ஆபத்தைப் பற்றிய கேள்விகளை முடித்துவிட வேண்டும். அவற்றுக்கு ஓரிரு நிமிடங்கள் போதும். எச்சில் வழிகிறதா, விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கின் அடிப்பகுதி மேலே தூக்கிக் கடினமாக இருக்கிறதா, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்குகிறதா அல்லது கண்ணை மூடும் அளவுக்கு ஏறுகிறதா, காய்ச்சலும் நடுக்கமும் உண்டா என்று பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே இருபுறமும் பரவி நாக்கைத் தூக்கிவிடும் தொற்றை 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அதில் மூச்சுப்பாதை சில மணி நேரங்களுக்குள் அடைபடலாம் என்பதால், பல் நாற்காலியில் அதற்கு வேலையில்லை; அந்த நோயாளி மருத்துவமனைக்கே போயாக வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் சிறிய வீக்கத்தைக்கூடப் பெரிதாகவே எண்ண வேண்டும்.

இதே வேளையில், வலி பல்லில்தான் பிறக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். நடந்தாலோ படியேறினாலோ கீழ்த்தாடையில் வந்து, ஓய்வெடுத்தால் தணியும் வலிக்கு, வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ துணைக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதயம் காரணமாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மெல்லும்போது தாடை களைத்துப்போகிறது, பொட்டுப் பகுதியில் தலைவலி, பார்வை மங்குகிறது என்றால், அது தமனி அழற்சியாக இருந்து கண்பார்வையையே பறிக்கக்கூடும். இவை அரிதாகவே வரும் என்றாலும், கேட்பதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது.

ஆபத்து இல்லை என்று தெளிவான பிறகு எண்ணுக்கு வருவோம். எல்லோரும் பத்து என்பது பொய்யும் அன்று, மிகையும் அன்று. “நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி” என்று பத்துக்கு விளக்கம் கொடுக்கிறோம். இரண்டு இரவுகள் தூங்காத ஒருவருக்கு அதைவிட மோசமான ஒன்றைக் கற்பனை செய்யும் தெம்பு இருக்காது. குறைத்துச் சொன்னால் காக்க வைத்துவிடுவார்கள் என்ற அச்சமும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம். அந்த அச்சமும் துன்பத்தின் பகுதிதான். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறை, வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த இனிமையற்ற அனுபவம் என்கிறது. ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்புகளில் ஒன்று வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. எனவே நோயாளி பத்து என்றால் பதிவேட்டிலும் பத்து என்றே எழுத வேண்டும். முகத்தைப் பார்த்து “ஏழுதான் இருக்கும்” என்று நாமே குறைத்து எழுதுவது, அளவுகோலை அவரிடமிருந்து பிடுங்கி நம் கையில் வைத்துக்கொள்வதாகும்.

ஆனால் ஒரே ஓர் எண்ணோடு நிறுத்தக் கூடாது. இப்போது எவ்வளவு, கடந்த 24 மணி நேரத்தில் மிக அதிகமாக இருந்தபோது எவ்வளவு, மிகக் குறைவாக இருந்தபோது எவ்வளவு என்று மூன்றாகக் கேட்டால், எல்லோரும் பத்து என்ற தோற்றம் உடனே கலைந்துவிடும். “இப்போது ஆறு, நேற்று இரவு பத்து, காலையில் குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தபோது இரண்டு” என்று சொல்பவர், எண்ணோடு சேர்த்து நோயின் போக்கையும் சொல்லிவிட்டார். மூன்று கேள்விக்கும் பத்து என்பவரிடம் எண்ணை விட்டுவிட்டு, லேசானது, மிதமானது, கடுமையானது, தாங்க முடியாதது என்ற சொற்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வலியை எண்ணாக மாற்றுவது பலருக்கு இயல்பாக வருவதில்லை. ஆய்வுகளில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து அதில் குறியிடச் சொல்வதும், வேர்ச்சிகிச்சை ஆய்வுகளில் சொற்களையும் கோட்டையும் இணைத்த 170 மில்லிமீட்டர் ஹெஃப்ட்-பார்க்கர் அளவுகோலைப் பயன்படுத்துவதும் வழக்கம். நெரிசலான அவசரப் பிரிவில் வாயால் கேட்கும் 0–10 எண்ணே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இந்த எண்ணை ஒருவரோடு இன்னொருவரை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் பயன், அதே மனிதரிடம் மாற்றத்தைக் காண்பதில் இருக்கிறது. வலிநிவாரணி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எட்டு என்றவர் ஐந்து என்றால், அது பொருளுள்ள குறைவு. 100 மில்லிமீட்டர் கோட்டில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் மாறினால்தான் நோயாளியே வேறுபாட்டை உணர்கிறார் என்று அவசர மருத்துவ ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எண் அளவுகோலில் இரண்டு புள்ளி அல்லது 30 விழுக்காடு குறைவை நல்ல முன்னேற்றமாகக் கொள்வது பரவலான வழக்கம். முதல் எண் பதிவாகவில்லையென்றால் பின்னால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

எண்ணைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை நோயாளிகளின் சொற்கள். வலியைக் குறிக்கும் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து ரொனால்ட் மெல்சாக் 1975-இல் மெக்கில் வலி வினாப்படிவத்தை வெளியிட்டார். எல்லா வலிக்கும் ஒரே அளவு போதாது, வலியின் தன்மைக்கே தனி மொழி இருக்கிறது என்பது அதன் அடிப்படை. தமிழில் அந்த மொழி இயல்பாகவே வளமானது. “கூசுகிறது, சுள்ளென்று இழுக்கிறது, தண்ணீரை விழுங்கியதும் போய்விடுகிறது” என்று ஒருவர் சொன்னால், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கின் நுண்குழல்களில் உள்ள திரவம் அசைந்து, ஏ-டெல்டா எனப்படும் வேகமான நரம்பிழைகளைத் தூண்டுகிறது என்று பொருள்; பற்கூழ் பெரும்பாலும் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும். “விண்விண்ணென்று தெறிக்கிறது, குடைகிறது, சும்மா இருக்கும்போதே வந்துவிடுகிறது, படுத்தால் கூடுகிறது, சூடு பட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்றால், மெதுவான சி இழைகள் விழித்துக்கொண்டுவிட்டன; மீளாத பற்கூழ் அழற்சியை எதிர்பார்க்கலாம். “அந்தப் பல் மட்டும் உயர்ந்துவிட்டது போல இருக்கிறது, எதிர்ப்பல் பட்டாலே உயிர் போகிறது” என்பது வேர்நுனியைச் சுற்றிப் பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களின் குரல். “மின்சாரம் பாய்ந்தது போல ஒரு நொடி, முகம் கழுவினாலே வருகிறது” என்பவருக்கு, பல்லில் அன்றி முகத்தின் உணர்வு நரம்பிலேயே பிறக்கும் முக்கிளை நரம்பு வலி இருக்கலாம். அந்த வலிக்காகக் குற்றமற்ற பற்களைப் பிடுங்கிவிடும் அவலம் நேர்வதால், அந்தச் சொற்களைக் கேட்டதும் கையிலிருக்கும் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். “கன்னம் பாரமாக இருக்கிறது, குனிந்தால் கூடுகிறது, மேல்பற்கள் நாலைந்து சேர்ந்தே வலிக்கின்றன” என்பது பெரும்பாலும் சைனஸ்.

இந்தச் சொற்களை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது முக்கியம். “விண்விண்ணென்று இருக்கிறதா?” என்று கேட்டால், வலியில் இருப்பவர் ஆமென்றுதான் சொல்வார். “அது எப்படி இருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருப்பது நல்லது. எந்தப் பல் என்று அவரால் காட்ட முடியாமற்போனாலும் சந்தேகப்பட வேண்டாம். பற்கூழுக்கு இடத்தை உணர்த்தும் நரம்பு முனைகள் இல்லை. அதனால் கீழ்க்கடைவாய்ப் பல்லின் வலியைக் காதில் காட்டுவதும், மேல் வரிசையில் காட்டுவதும் இயல்பே. அழற்சி வேர்நுனியைத் தாண்டிச் சுற்றியுள்ள நார்களைத் தொட்டதும் விரல் சரியான பல்லில் போய் நிற்கும்.

மூன்றாவதாக, வலி அவருடைய வாழ்க்கையில் எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று கேட்க வேண்டும். தூங்க முடியாமல் விழித்துக் கிடந்தாரா, தூங்கியவரை வலி எழுப்பியதா, எந்தப் பக்கம் மெல்லுகிறார், சாப்பிடுவதையே விட்டுவிட்டாரா, வேலைக்குப் போனாரா? கையில் குளிர்ந்த நீர்ப் புட்டியோடு வந்து, நிமிடத்துக்கொரு வாய் உறிஞ்சிக்கொண்டே பேசுகிறவருக்கு எந்த அளவுகோலும் தேவையில்லை. குளிர்ச்சியால் மட்டுமே தணியும் அந்த வலி, பற்கூழ் அழற்சியின் முற்றிய நிலைக்குத் தெளிவான அடையாளம். அமைதியாகப் பேசிக்கொண்டு “ஐந்து இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மூன்று நாள்களாகக் கஞ்சி மட்டுமே குடிப்பதாக ஒருவர் போகிற போக்கில் குறிப்பிட்டால், நான் அந்த ஐந்தைவிட அந்தக் கஞ்சியைத்தான் நம்புவேன்.

மாத்திரைகளின் கணக்கு இங்கே தனியாகச் சொல்லப்பட வேண்டியது, ஏனெனில் அது கடுமையின் அளவீடாகவும் ஆபத்தின் அறிகுறியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. பல்வலிக்காரர்கள் அறியாமலேயே பாராசிட்டமாலை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வது அவசரப் பிரிவுகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் கூட்டு மாத்திரைகளிலும் அதே மருந்து வேறு பெயரில் ஒளிந்திருப்பதால், “வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள்?” என்று மட்டும் கேட்காமல், அட்டைகளைக் காட்டச் சொல்லி, நேற்று காலை முதல் இந்த நிமிடம் வரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அளவு மீறியிருந்தால் பல்லுக்கு முன்பாக இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; கல்லீரல் பாதிப்பு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது.

பரிசோதனை கடுமையை அளக்காது, காரணத்தையே காட்டும். குளிர்ச்சியை வைத்து எடுத்த பிறகும் வலி நீடிக்கிறதா என்பதையும், வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எந்தப் பல் பதறுகிறது என்பதையும் பார்க்கலாம். நலமான பல்லில் தொடங்கி, சந்தேகத்துக்குரிய பல்லைக் கடைசியாகத் தொடுவது அடிப்படை மரியாதை. எக்ஸ்-ரே படம் சுத்தமாக இருப்பதை வைத்து வலியை மறுக்கக் கூடாது. எலும்பின் தாது கணிசமாகக் குறைந்த பிறகே படத்தில் நிழல் தெரியும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் அச்சத்தாலும் ஏறும், பழகிய வலியில் இயல்பாகவும் இருக்கும். அவற்றை வலியின் சாட்சியாக நிறுத்த வேண்டாம்.

சொல்லத் தெரியாதவர்களிடம் நம் கவனம் இரட்டிப்பாக வேண்டும். எண்களைப் புரிந்துகொள்ளும் வயது வராத குழந்தைக்கு முகப் படங்கள் உதவும். ஆனால் சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் வடிக்கும் முகத்தில் முடியும் படவரிசையில், வலியிருந்தும் அழாத குழந்தை கடைசிப் படத்தைத் தொடத் தயங்கும். அதனால் சிரிப்பும் கண்ணீரும் இல்லாத, 2001-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆறு முகங்கள் கொண்ட படவரிசையையே நான் தேர்ந்தெடுப்பேன். இன்னும் சிறியவர்களிடம் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்ற முடிதல் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பளிக்கும் ஃபிளாக் அளவுகோல் பயன்படும். பெற்றோரிடம் “வலி என்று சொன்னாளா?” என்று கேட்பதைவிட, ஒரு பக்கமாகவே மெல்லுகிறாளா, கடித்ததை வைத்துவிடுகிறாளா, அந்தப் பக்கம் பல் துலக்க விடுவதில்லையா என்று கேட்பது உண்மைக்கு அருகில் கொண்டுபோகும். நினைவாற்றல் குன்றிய முதியவரிடமும் இதே வழிதான்: திடீரென்று உண்ண மறுப்பது, முகத்தைத் தொடவிடாமல் தட்டிவிடுவது, காரணமில்லாத கோபம் ஆகியவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்குவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

மருந்துக்காக நடிக்கிறாரோ என்ற ஐயம் சிலரைப் பற்றி எழும். அதைத் தீர்க்க விசாரணை தேவையில்லை. வலிக்கும் பல்லை மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட முன்வந்தாலே போதும். வலி பல்லில் இருந்தால் அது அடங்கும், எந்தப் பல் என்பதும் தெரியும், நோயாளிக்கு நிம்மதியும் கிடைக்கும். ஒருவரை நடிக்கிறார் என்று தவறாக எண்ணி அனுப்பிவிடுவதால் விளையும் தீங்கு, ஓர் ஊசியை வீணாக்குவதைவிடப் பன்மடங்கு பெரிது.

ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டுதலில் உள்ள கால எல்லைகள் வரிசை அமைக்க எனக்கு உதவியிருக்கின்றன: உயிரையோ பல்லையோ இழக்கக்கூடியவை 60 நிமிடங்களுக்குள், மருந்துக்கு அடங்காத கடும் வலி போன்றவை 24 மணி நேரத்துக்குள், மற்றவை ஏழு நாள்களுக்குள். கடுமையான வலி என்பதாலேயே ஆன்டிபயாட்டிக் எழுதுவது வேறொரு பிழை. மீளாத பற்கூழ் அழற்சிக்கும், உடல் முழுவதும் பாதிக்கப்படாத வேர்நுனித் தொற்றுக்கும், உடனே பல்லுக்குச் சிகிச்சை அளிக்க முடிகிற இடத்தில் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வலிக்கு மருந்து, பல்லைத் திறப்பதும் சீழை வெளியேற்றுவதும்தான். கடுமையை முன்கூட்டியே அறிவதன் பயன் அங்கேதான் தெரியும்: கடும் அழற்சியுள்ள கீழ்க்கடைவாய்ப் பல்லில் வழக்கமான தாடை நரம்பு ஊசி பலரிடம் முழுமையாகப் பலிப்பதில்லை. உதடு மரத்துவிட்டது என்பதை நம்பித் துளையிடத் தொடங்காமல், அந்தப் பல்லில் குளிர்ச்சியை மறுபடி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கூடுதல் ஊசியை முன்பே போட்டுவிட வேண்டும்.

சிகிச்சை முடிந்து அனுப்பும்போது எண்ணை மீண்டும் கேட்டு எழுதுங்கள்; மறுநாள் தொலைபேசியில் அழைத்து இன்னொரு முறை கேளுங்கள். அச்சம் மிகுந்தவர்கள் கடந்த வலியை, அன்று தாங்களே சொன்னதைவிடப் பெரிதாக நினைவில் வைத்திருப்பது உண்டு என்பதால், அன்றைய எண்ணை அன்றே பதிவது அவசியமாகிறது. அந்த மறுநாள் அழைப்பில், சிகிச்சையைத் தள்ளிப்போட்டுச் சென்ற ஒருவர் “வலி நின்றுவிட்டது, இனி வரவேண்டியதில்லை” என்று சொன்னால், வாய் எவ்வளவு திறக்கிறது, கன்னம் வீங்கியிருக்கிறதா, எச்சிலைச் சிரமமில்லாமல் விழுங்க முடிகிறதா என்று கேட்டு, அன்றே வரச் சொல்லி நேரம் குறித்துக் கொடுத்த பிறகுதான் தொலைபேசியை வைக்க வேண்டும்.